நாற்பத்தாறில் நடந்த அறுபதாம் கல்யாணம்

விதியை மீறுகிறவனால் ஊருக்குப் பெரிய ஆபத்து கிடையாது. பிடித்து அபராதம் போட்டால் தீர்ந்தது. விதியை உட்கார்ந்து வரி வரியாகப் படித்து, இதில் எங்கே சந்து இருக்கிறது என்று தேடுகிறானே ஒருவன், அவனிடம்தான் வீட்டார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நான் இரண்டாவது வகை. போதாததற்குப் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்துகிறவன். குடிமையியல் பாடத்தை வகுப்பே தூங்கினாலும் விடாமல் நடத்தி முடித்தவன். (தூங்கியது பிள்ளைகள்தான். நானில்லை. பெரும்பாலும்.)

சொந்த ஊர் ராசிபுரம் பக்கம். கொல்லிமலைக்கு மாற்றல் வந்தபோது இரண்டே வருடத்தில் இறங்கிவிடுவேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். மலை அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மலைமேல் பைல் நாட்டுப் பக்கம் ஒரு சந்தில் வாடகை வீடு. ஆசிரியர், நர்ஸ், வனக்காவலர் என்று கீழிருந்து வந்த சம்பளக்காரர்கள் குடியிருக்கும் சந்து. ஊர் அதற்கு வைத்த பெயர் வாத்தியார் லைன்.

என் மனைவி மல்லிகா சேந்தமங்கலத்துப் பெண். என்னைக் கட்டிக்கொண்டதிலிருந்து அவள் ஆரம்பித்த தொழில்களை எல்லாம் என்னுடைய மாற்றல் உத்தரவுகள்தான் முடித்துவைத்தன. ஓர் ஊரில் தையல் மெஷின் போட்டாள். வாடிக்கை சேர்ந்த மாதம் மாற்றல். அடுத்த ஊரில் டியூஷன். பிள்ளைகள் சேர்ந்தார்கள், எனக்கு மாற்றல். மூன்றாவதாக அப்பள வியாபாரம். அப்பளம் காய்வதற்குள் உத்தரவு வந்துவிட்டது.

மலையில் ஆரம்பித்தது தற்செயலாக. அருவி பார்க்க வந்த ஒரு குடும்பத்தின் கார் எங்கள் சந்து முனையில் நின்றுபோக, பசியில் அழுத குழந்தைக்கு மல்லிகா சாமை முறுக்கு கொடுத்தாள். குழந்தை அழுகையை நிறுத்தியது. பெற்றோர் முறுக்கு மாவைப் பற்றி விசாரித்தார்கள். அடுத்த வாரம் அவர்களுடைய சொந்தக்காரர்கள் வந்தார்கள். அதன் பிறகு சனி ஞாயிறு என்றால் எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி இறங்கவே இல்லை. சாமை முறுக்கு, தினை லட்டு, மிளகுத் தட்டை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுடைய தொழில் வளர்ந்துகொண்டிருந்தது, எனக்கும் மாற்றல் வரவில்லை.

ஒரே சிக்கல், வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. சந்து முனையில் இரண்டு பெரிய சில்வர் ஓக் மரங்கள். அவற்றில் மிளகுக்கொடி ஏறிச் சந்தின் வாயையே மூடியிருக்கும். செல்போன் வரைபடம் எங்கள் வீட்டை ஒரு குட்டைக்குள் காட்டியது. அதை நம்பி வந்தவர்கள் குட்டையைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

"ஏனுங்க, சந்து முனையில ஒரு போர்டு வெச்சா என்னங்க?" என்றாள் மல்லிகா.

நியாயமான கேள்வி. கேட்பதற்காக ஊராட்சி அலுவலகத்துக்கு இருவரும் போனோம். செயலர் அருள்ராஜ் கீழே திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தவர். சாந்தமான மனிதர், ஆனால் சுற்றறிக்கையைக் கையில் எடுத்தால் முகம் மாறிவிடும்.

"வீட்டுல தொழில் பண்ண அனுமதி குடுத்துரலாம் சார். மேடம் தாராளமா முறுக்கு சுடட்டும். போர்டுதான் பிரச்சினை" என்று ஒரு தாளை நீட்டினார்.

குடியிருப்புப் பகுதியில் வீட்டுத் தொழில் செய்வோர், தம் வீட்டுச் சுவரில் மட்டும், ஓரடிக்கு இரண்டடி அளவில், விளக்கில்லாத பெயர்ப்பலகை ஒன்று வைத்துக்கொள்ளலாம். சாலையோரத்தில், சந்து முனையில், மரத்தில், மின்கம்பத்தில் வைக்கக் கூடாது. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அப்போதெல்லாம் சாலை வளைவுகளில் விடுதிக்காரர்கள் வைத்த போர்டுகள் காடாக வளர்ந்திருந்தன. எதிரே வரும் பஸ் கண்ணுக்குத் தெரியாது, ஹாரனை வைத்துத்தான் ஒதுங்க வேண்டும்.

"சுவத்துல வெச்சா யாருக்குங்க சார் தெரியும்? ஊட்டுக்கு வந்தவங்களுக்குத்தான் தெரியும். அவங்கதான் வந்துட்டாங்களே?" என்றாள் மல்லிகா.

"வாஸ்தவம்தான் மேடம். ஆனா நீங்க முன்னாடியே குடுத்த தொழில் அனுமதி விண்ணப்பம் என் மேசையில இருக்கு. அடுத்த வாரக் கூட்டத்துல வெச்சுக் குடுத்துருவோம். அதுக்குள்ள சந்து முனையில எதையும் நட்டுராதீங்க. நட்டா விண்ணப்பத்தையே திருப்பி அனுப்பச் சொல்லியிருக்காங்க. அப்புறம் போர்டும் கிடையாது, தொழிலும் கிடையாது."

"நாங்க ஏனுங்க நடறோம்?" என்ற மல்லிகா, சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். இருபது வருட அனுபவத்தில் வந்த பார்வை அது. நான் தாளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

தாளின் கடைசி வரி: 'குடும்ப விழாக்களுக்கான வரவேற்புப் பலகையை, ஊராட்சிக்குத் தகவல் தெரிவித்து, மூன்று நாள்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.'

அன்று மாலைக்குள் அந்த வரி எனக்கு மனப்பாடம். என்ன ஒரு வரி! பலகையின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எந்த இடம் என்று இல்லை. குடும்ப விழா என்றால் என்ன என்று விளக்கம் இல்லை. அந்த வாரம் பார்த்துச் சனி, ஞாயிறோடு திங்களும் விடுமுறை. மலை நிறைய சுற்றுலாக் கூட்டம் வரும். மூன்று நாள் விடுமுறை, மூன்று நாள் பலகை. விதியும் நாள்காட்டியும் கைகோத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றதாக எனக்குத் தோன்றியது.

அருள்ராஜுக்குப் போன் செய்தேன்.

"வீட்டுல ஒரு சின்ன விழா. சந்து முனையில வரவேற்புப் பலகை வெக்கலாம்னு..."

"அடடே, சந்தோசம் சார்! என்ன விசேஷம்?"

"குடும்ப விசேஷம்தான்" என்றேன். (இவ்வளவு பொதுவான சொல் அரசியல் சாசனத்தில்கூட இருக்காது.)

"வெச்சுக்கங்க சார். மூணாம் நாள் எடுத்துருங்க."

தகவல் தெரிவித்தாயிற்று. பொய் ஒன்றும் சொல்லவில்லை. மல்லிகாவிடமும் சொல்லவில்லை. அவளுக்கு அது இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அதிர்ச்சி என்ற பாதி பலித்தது.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் சேந்தமங்கலத்துக்கு பஸ் ஏறினேன். கடைவீதியில் என் மைத்துனர் தங்கவேலு நடத்தும் பாத்திரக் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு பிளக்ஸ் கடை. அவர் கண்ணில் படாமல் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே நுழைந்தேன்.

"என்ன விசேஷமுங்க?" என்றார் கடைக்காரர்.

"இல்ல விழா."

"அது சரிங்க. என்ன விழா?"

"இல்ல விழாங்க. அப்படியே போட்டுருங்க."

வெளியே சொல்ல முடியாத ஏதோ ஒன்று என் குடும்பத்தில் நடப்பதாக நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. குரலைத் தாழ்த்தி, "போட்டோ இருக்குதுங்களா?" என்றார்.

"போட்டோ வேண்டாம்."

"மூஞ்சி இல்லாத விசேஷ பிளக்ஸை எங்க ஊர்ல ஆடு மாடுகூட நின்னு பாக்காதுங்க சார்."

செல்போனில் தேடி, தங்கவேலு வீட்டுப் புதுமனை புகுவிழாவில் நானும் மல்லிகாவும் ஜோடியாக நின்ற படத்தைக் கொடுத்தேன். அவள் பட்டுச்சேலையில் லட்சணமாக இருப்பாள். நான் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வேட்டி சட்டையில், தலையின் முன்பக்கம் பளபளக்க நிற்பேன். மீதியெல்லாம் கம்ப்யூட்டரில் தயாராக இருந்தது. மேலே பிள்ளையார், இரண்டு பக்கமும் கலசம், படத்தைச் சுற்றி இரட்டை மாலை.

"முந்தாநாள் ஒருத்தருக்குப் போட்டதுங்க. போட்டோவையும் எழுத்தையும் மாத்துனாப் போதும். உங்களுக்குக் கச்சிதமாப் பொருந்துது பாருங்க" என்றார்.

முந்தாநாள்காரருக்கு என்ன விசேஷம் என்று நான் கேட்கவில்லை. வகுப்பில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று.

வாசகத்தை நானே எழுதினேன். 'எங்கள் இல்ல விழாவிற்கு வருகை தரும் அனைவரையும் இருகரம் கூப்பி வரவேற்கிறோம்.' அதன் கீழ் எங்கள் பெயர்கள். அதற்கும் கீழே கொட்டை எழுத்தில், 'சாமை முறுக்கு, தினை லட்டு, மிளகுத் தட்டை.' ஒரு அம்புக்குறி. 'விற்பனைக்கு' என்ற சொல்லை மட்டும் கவனமாகத் தவிர்த்தேன். அது வந்தால் வணிகம் ஆகிவிடும். பத்தடி அகலம், ஆறடி உயரம். சுருட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அதைக் கட்டிப்பிடித்தபடி மலையேறினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மல்லிகா விடுமுறைக் கூட்டத்துக்காக எண்ணெய்ச் சட்டியை விட்டு நகராமல் டின் டின்னாகச் சுட்டு நிரப்பிக்கொண்டிருந்தபோது, நான் நர்ஸ் வீட்டு ஏணியை இரவல் வாங்கிப் போய் இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கும் நடுவே அதைக் கட்டினேன். தூரத்தில் நின்று பார்த்தேன். பஸ்ஸில் போகிறவன் தூங்கினாலும் அவன் கனவில் தெரியும். மன நிறைவோடு படுத்தேன்.

சனிக்கிழமை காலை. பனி இன்னும் விலகவில்லை. முதலில் வந்தவர் எங்களுக்குச் சாமை கொடுக்கும் பொன்னுசாமி. தோளில் ஒரு முழுப் பலாப்பழம், பின்னால் புதுச்சேலையில் அவர் மனைவி. பழத்தை இறக்கி வைத்துவிட்டு, இருவரும் சடாரென்று தரையில் சாய்ந்தார்கள். வழுக்கி விழுந்துவிட்டார்கள் என்று பதறிப்போய்த் தூக்கப் போனேன். பார்த்தால், இருவர் கையும் என் காலில் இருந்தது.

"என்னங்க இது, எந்திரிங்க!"

"ஆசீர்வாதம் பண்ணுங்க சாமி. அறுவதைப் பாக்கறதுன்னா எல்லாருக்கும் கெடைக்குமுங்களா?"

அடுப்படியிலிருந்து மல்லிகா கையில் கரண்டியோடு வந்தாள். "யாருக்குங்க அறுவது?"

"உங்க ஊட்டுக்காரருக்குத்தானுங்க. அறுவதாங் கல்யாணம்னு போர்டு வெச்சிருக்கீங்களே? கலசம், மாலையெல்லாம் போட்டு அம்சமா இருக்குதுங்க."

"எந்த போர்டு?"

நான் வானத்தைப் பார்த்தேன். மல்லிகா கரண்டியோடு சந்து முனை வரை நடந்து போனாள். திரும்பி வந்தாள். கரண்டியிலிருந்து எண்ணெய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் எங்கேயும் அறுபது என்று எழுதவில்லை, பிள்ளையார்மேல் ஆணை. இரட்டை மாலை, கலசம், நடுவில் ஒரு ஜோடி, பெயர் சொல்லாத விழா. கல்யாணமா? ஆகிவிட்டது. வளைகாப்பா? வயது தாண்டிவிட்டது. மிச்சம் என்ன? மலை முழுவதும் ஒரு முறை என் தலையைப் பார்த்தது, ஏகமனதாக முடிவெடுத்தது. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பைல் நாட்டில் ஒரே ஒரு ஆத்மாவுக்காவது சந்தேகம் வந்திருக்கலாம். வரவில்லை. அதுதான் இன்றுவரை வலிக்கிறது.

பிறகு வாசல் நிற்கவே இல்லை. என் வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் வந்தார்கள். வாழைத்தார், அன்னாசி, மிளகு, காலைக் கட்டிய இரண்டு சேவல்கள். நர்ஸம்மா மாலையோடு வந்து, "ஏணி எதுக்குன்னு இப்பத்தான் சார் தெரியுது" என்றார். சக ஆசிரியர் ஒருவர் கண் கலங்கி, "ரிட்டயர்மெண்டை எங்ககிட்ட மறைச்சிட்டீங்களே சார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். விழா வீட்டுக்கு வந்தவரை வாயில் ஒன்றும் போடாமல் அனுப்பக் கூடாது. அது எந்தத் தாளிலும் எழுதாத விதி. அதில் சந்தும் கிடையாது. மல்லிகா டின்களைத் திறந்தாள். மூன்று நாள் விற்பனைக்குச் சுட்டு வைத்த முறுக்கு என் தீர்க்காயுளுக்காகக் கடக் முடக்கென்று உடைபட்டது.

ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே தடியை ஊன்றி நின்றார். அவருக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல் அங்கே எந்த விசேஷமும் நடந்ததில்லை.

"வெத்தல வெக்காம விசேஷம் வெச்சுப்போட்டீங்களாட்ட இருக்குதுங்க வாத்தியாரே?"

"விசேஷமெல்லாம் ஒண்ணுமில்லீங்க..."

"ஊரே தின்னுட்டு இருக்குது. ஒண்ணுமில்லீங்கறீங்க."

அந்த நேரத்தில் சந்துக்குள் ஒரு வேன் நுழைந்தது. முன்சீட்டில் தங்கவேலு. பிளக்ஸ் கடைக்காரர் அச்சடித்த கையோடு, "உங்க தங்கச்சி ஊட்டு விசேஷமாட்ட இருக்குது" என்று படத்தை அவருக்குக் காட்டியிருக்கிறார். கூடப் பிறந்த அண்ணனுக்கே சொல்லாத விசேஷம்! வேனிலிருந்து பெண்கள் ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி, எழுபது வளைவும் முகத்தில் தெரிய, தள்ளாடி இறங்கினார்கள். பின்னாலேயே சீர்த்தட்டுகள். தேங்காய், பழம், சேலை, வேட்டி, அரிசி மூட்டை, இரண்டு பித்தளை அண்டா.

"வாங்க மச்சான்" என்றேன், சாகிற குரலில்.

"சீர் வேற, சண்டை வேறங்க மாப்ள. மொதல்ல சீரை எறக்கிக்கறோம்."

கடைசித் தட்டு வாசற்படி தாண்டியதும் துண்டை உதறித் தோளில் போட்டார். "இப்பச் சண்டை. பொண்ணு பாக்க வந்தன்னிக்கு உங்களுக்கு வயசு இருவத்தாறுன்னு சொன்னாங்க. ஆச்சு, இருவது வருசம். இன்னிக்கு அறுவதுன்னா அன்னிக்கு நாப்பது. நடுவால பதினாலு வருசத்தை எங்கீங்க மாப்ள ஒளிச்சீங்க?"

"நான் அப்பவே சொன்னேன், மண்டையைப் பாருங்கன்னு" என்றார் எலுமிச்சம்பழத்துக்குப் பின்னாலிருந்து மல்லிகாவின் சித்தி.

"மச்சான், பத்தாம் வகுப்பு சர்ட்டிபிகேட்டை எடுத்துட்டு வர்றேன்."

"அதெல்லாம் திருத்திக்கலாமுங்க."

நான் திணறிக்கொண்டிருக்கும்போதே செயலர் அருள்ராஜ் ஒரு சால்வையோடு உள்ளே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "சார், வாழ்த்துகள்! சின்ன விழான்னு சொன்னீங்களே" என்று சால்வையைப் பிரித்தார். அது என் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்தபோது, ஈரோட்டிலிருந்து வந்த ஒரு சுற்றுலாக் குடும்பம் கூட்டத்துக்குள் புகுந்து வந்து உரக்கக் கேட்டது:

"ஏனுங்கக்கா, சாமை முறுக்கு பாக்கெட் என்ன வெலைங்க? சந்து முனையில போர்டு வெச்சது நல்லதாப் போச்சுங்க. போன தடவை குட்டையைச் சுத்தீட்டுப் போய்ட்டோம்."

சால்வை அந்தரத்தில் நின்றது.

"சார், இது என்ன விசேஷம்னு சொன்னீங்க?"

"குடும்ப..."

"சார்."

முறுக்கு கடித்தவர்கள்கூடப் பாதியில் நிறுத்தினார்கள். மல்லிகா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இவருக்கு அறுவது ஆகலீங்க சார். நாப்பத்தாறுதான். புத்திக்கு மட்டும் முன்னாடியே ஆயிருச்சு. ஆள் வந்து முறுக்கு வாங்கட்டும்னு போர்டு வெச்சிருக்கறாருங்க. எனக்கே காத்தாலதான் தெரியும்."

கூட்டம் சிரித்தது. அருள்ராஜ் சிரிக்கவில்லை. சால்வையை மடித்தார். "விசேஷம் இல்லைன்னா அது வியாபார போர்டு மேடம். இத்தனை பேருக்கு முன்னாடி நான் பாக்காத மாதிரி போக முடியாது. விண்ணப்பத்தைத் திருப்பித்தான் அனுப்பணும்."

"அபராதம் போடுங்க அருள்ராஜ். தப்பு என்னுது" என்றேன்.

"அதுக்கு வழி இல்ல சார். நீங்கதான் அந்தத் தாளை முழுசாப் படிச்சீங்களே."

மல்லிகா மாவு அப்பிய கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். தையலையும் டியூஷனையும் அப்பளத்தையும் அரசாங்க உத்தரவு நிறுத்தியது. அதற்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இதை நானே, சொந்தச் செலவில், பத்தடி அகலத்தில் நிறுத்தியிருந்தேன். அன்று காலையிலிருந்து எனக்கு வந்ததெல்லாம் கூச்சம்தான். அந்த நிமிடம் வந்தது வேறு. யாராவது என்னை அந்த பிளக்ஸிலேயே சுருட்டிக் கீழே அனுப்பியிருந்தால் போயிருப்பேன்.

"விசேஷமே இல்லையாமா. சீர்த்தட்டெல்லாம் வேன்ல ஏத்துங்க" என்றார் தங்கவேலு.

டக்கென்று ஊர்க்கவுண்டரின் தடி தரையைத் தட்டியது. "அது ஆகாதுங்க. வாசப்படி தாண்டுன சீர் திரும்பக் கூடாது. திரும்புனா ரெண்டு ஊட்டுக்கும் ஆகாது. எறக்கறதுக்கு முன்னாடி சண்டை போட்டிருக்கோணும் நீங்க."

தங்கவேலு விழித்தார். அவர் ஊரிலும் அதே வழக்கம்தான். தட்டைத் தூக்கியவர்கள் பாதி குனிந்தபடி நின்றார்கள்.

மல்லிகாவின் கை துடைப்பதை நிறுத்தியது. மெதுவாகச் செயலர் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க சார், விசேஷம் நடந்துட்டா அந்த போர்டு தப்பில்லீங்களா?"

"நடந்தா எப்படி மேடம் தப்பாகும்? தகவலும் குடுத்துட்டாரு."

"அறுவதாங் கல்யாணம் பண்ண அறுவது வயசு ஆகியிருக்கோணும்னு உங்க தாள்ல போட்டிருக்குதுங்களா?"

அருள்ராஜ் யோசித்தார். நேர்மையான மனிதர், நேர்மையாக யோசித்தார். "குடும்ப விழான்னுதான் இருக்கு. வயசு போடல."

மல்லிகா என்னைப் பார்த்தாள். மாவை அச்சில் அடைப்பதற்கு முன்னால் அதைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"வெத்தல இப்ப வெச்சா நீங்க நடத்திக் குடுப்பீங்களா?" என்று ஊர்க்கவுண்டரைக் கேட்டாள்.

"இப்ப வெச்சாலும் வெத்தல வெத்தலதானே கண்ணு?"

"மல்லிகா, எனக்கு இன்னும் பதினாலு வருஷம் இருக்குது" என்றேன்.

"ஒளிச்சு வெச்ச பதினாலு இதுதான்னு நெனச்சுக்குங்க மாப்ள" என்று தங்கவேலு சட்டைக் கையை மடித்துவிட்டார்.

அறுபதாம் கல்யாணத்தில் மாலை உண்டு, தாலி உண்டு. எல்லாவற்றுக்கும் முன்னால் தம்பதி தலையில் தண்ணீர் ஊற்றுவது உண்டு. வந்தவர்கள் எல்லோரும் ஊற்றலாம். கீழ்நாட்டில் அது சுகமான சடங்கு. கொல்லிமலையில், பனி இறங்கும் காலையில், ஊற்றிலிருந்து அப்போதுதான் கொண்டு வந்த தண்ணீரில் அது வேறு. சீராக வந்த இரண்டு பித்தளை அண்டாக்களும் நிரம்பின. பூசாரி வந்தார். வாசலில் பலகை போட்டு எங்களை உட்கார வைத்தார்கள். தலைக்கு மேல் பிடிக்கச் சல்லடை வேண்டும் என்றார் பூசாரி. மல்லிகாவின் சாமை மாவுச் சல்லடை வந்தது.

முதல் சொம்பை ஊர்க்கவுண்டர் ஊற்றினார். உயிர் உச்சந்தலை வழியாக வெளியே போய், எட்டிப் பார்த்துவிட்டு, போக மனமில்லாமல் திரும்பியது. தங்கவேலு ஊற்றிவிட்டு, வரிசையின் கடைசிக்குப் போய் நின்று, மறுபடி வந்து ஊற்றினார். பிறகு மறுபடியும். சித்தி ஊற்றும்போது, "மண்டை நல்லா வாங்குது" என்றார். ஈரோட்டுக் குடும்பம் ஊற்றியது. குழந்தைக்கு எட்டவில்லை என்று தூக்கிப் பிடித்து ஊற்ற வைத்தது. பொன்னுசாமி மட்டும் இரக்கப்பட்டுக் கொஞ்சமாக ஊற்றினார். கடைசியாக அருள்ராஜ். "விழா நடந்ததுக்கு நானே சாட்சியா இருக்கணும் சார்" என்று ஒரு முழுச் சொம்பு. பக்கத்தில் மல்லிகா, "எனக்குச் சளி புடிச்சிருக்குதுங்க" என்று சொல்லிவைத்திருந்ததால், அவளுக்கு ஆளுக்கு மூன்று சொட்டு தெளித்தார்கள்.

தாலி யாரும் கொண்டு வரவில்லை. மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்துக் கொடுத்தார்கள். என் கை நடுங்கிய நடுக்கத்தில் முடிச்சு விழவே இல்லை. "அறுவது வயசாயிருச்சில்லைங்க, கை அப்படித்தான் ஆடும்" என்று யாரோ கூட்டத்தில் பரிந்து பேசினார்கள். குனிந்த தலையோடு மல்லிகா சிரித்தாள். காலையிலிருந்து அப்போதுதான் அவள் சிரிப்பைப் பார்த்தேன்.

சீர் அரிசி சோறானது. பலா, வாழை, வந்த சேவல்கள் எல்லாம் அந்த அண்டாக்களிலேயே வெந்தன. அருள்ராஜ் கடைசியில் அந்தச் சால்வையை எனக்குப் போர்த்தினார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த சால்வைகளில் உண்மையாகவே தேவைப்பட்டது அது ஒன்றுதான். மூன்றாம் நாள் பிளக்ஸை அவிழ்த்தேன், நாற்பது தும்மலோடு. அடுத்த வாரக் கூட்டத்தில் அனுமதி வந்தது. சுவரில் ஓரடிக்கு இரண்டடியில் மல்லிகாவின் பெயர்ப்பலகை ஏறியது. அடுத்த மாதத்துக்குள் மிளகுக்கொடி அதையும் மூடிவிட்டது.

அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. இன்று மெயின் ரோட்டு டீக்கடையில் யார் முறுக்குக்கு வழி கேட்டாலும், "அறுவதாங் கல்யாண ஊடுன்னு கேளுங்க, கொழந்தைகூடச் சொல்லும்" என்கிறார்கள். பஸ்ஸில் என்னைப் பார்த்ததும் இடம் கொடுக்கிறார்கள். தங்கவேலு எந்தக் கல்யாண வீட்டிலும், "எங்க மாப்ள, எல்லாத்துலயும் அவசரம், நாப்பத்தாறுலயே அறுவதை முடிச்சுட்டாரு" என்றுதான் என்னை அறிமுகம் செய்கிறார். ஊர்க் கணக்கில் எனக்கு இப்போது அறுபத்தாறு. இன்னும் எப்படி வேலையில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பவர்களும் உண்டு.

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. குடும்பத் தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க பெரியவரே, அறுவத்தாறுன்னு டீக்கடையில சொன்னாங்க. நம்பவே முடியலீங்களே! அம்பதுக்கு மேல மதிக்க முடியாது. அப்படி என்னதானுங்க சாப்பிடறீங்க?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"மூணு வேளையும் நம்ம சாமைதானுங்க" என்றாள் மல்லிகா, என் பக்கம் திரும்பாமலே. "எத்தனை பாக்கெட்டுங்க போடட்டும்?"

நான் வாயை மூடிக்கொண்டேன். வயிற்றை எக்கி, நிமிர்ந்து உட்கார்ந்தேன்.